தராசைப் பிடித்தவள்

உடம்பெல்லாம் கண் உடையவன் யார் என்று நம் ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் 'இந்திரன்' என்று சொல்லிவிடும். அத்தனை கண் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி கேட்டால் மட்டும் பெரியவர்கள் குழந்தையைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அகலிகை கதை அப்படிப்பட்டது.

இந்திரனுக்கு ஒரு தாயாதி கிரேக்க தேசத்துக் கதைகளில் இருக்கிறான். ஆர்கஸ் என்று பெயர். அவன் பார்த்த உத்தியோகம் மாட்டுக் காவல். தேவராஜனான ஸீயஸ் ஒரு பெண்ணை விரும்பினான். மனைவி வரும் சத்தம் கேட்டதும் அந்தப் பெண்ணைப் பசுவாக மாற்றிவிட்டான். மனைவி ஹீரா லேசுப்பட்டவள் அல்ல. "பசு அழகாக இருக்கிறதே, எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, அதற்கு ஆர்கஸைக் காவல் வைத்தாள். சில கண்கள் தூங்கும்போது மற்றக் கண்கள் விழித்திருக்கும். இதைவிட நல்ல காவல்காரன் யாருக்குக் கிடைப்பான்? கடைசியில் ஹெர்மிஸ் என்ற தேவன் வந்து எல்லாக் கண்களையும் ஒருசேரத் தூங்கவைத்து அவனைக் கொன்றான். ஹீரா அந்தக் கண்களை எடுத்து மயிலின் தோகையில் பதித்துவிட்டாள்.

நம் உத்தரகாண்டத்தில் என்ன வருகிறது, பாருங்கள். மருத்தன் செய்யும் யாகத்துக்கு ராவணன் திடீரென்று வந்துவிடுகிறான். இந்திரன் பயந்துபோய் மயிலாக மாறி ஒளிந்துகொள்கிறான். ஆபத்து நீங்கியதும், தனக்கு இடம் கொடுத்த மயிலுக்குத் தன் கண்களையே தோகையில் வரமாகக் கொடுக்கிறான். அங்கே கொலை, இங்கே நன்றி. ஆனால் இரண்டு கதையிலும் கண்கள் போய்ச் சேர்ந்த இடம் மயில் தோகைதான். யாரிடமிருந்து யார் கேட்டார்கள் என்ற ஆராய்ச்சியைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

இந்த ஆர்கஸ் ஒரு விஞ்ஞானப் புத்தகத்தின் முகப்புப் படத்தில் நிற்கிறான். இத்தாலியில் பொலோஞா நகரத்தில் 1651-ஆம் வருஷம் அச்சான வானசாஸ்திரப் புத்தகம் அது. பெயர் 'அல்மகெஸ்டும் நோவும்'. 'புதிய அல்மகெஸ்ட்' என்று பொருள். எழுதியவர் ஜொவானி பத்திஸ்தா ரிச்சோலி என்ற இயேசு சபைப் பாதிரியார். ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல். இப்படிப்பட்ட புத்தகத்தை அந்தக் காலத்தில் மொட்டையாக வெளியிடமாட்டார்கள். முகப்பில் ஒரு பெரிய சித்திரம் இருக்கும். புத்தகம் முழுவதும் சொல்லப்போகிற வழக்கு அந்த ஒரு பக்கத்தில் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கும். ரிச்சோலியின் படத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கூர்த்தி.

படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் ஆர்கஸ். கை, கால், மார்பு எங்கும் கண். கையில் தொலைநோக்கி. அதன் வழியாக அவன் வானத்தைப் பார்க்கிறான். ஆனால் முகத்தில் இருக்கும் கண்ணால் அல்ல, முழங்காலில் இருக்கும் கண்ணால். மற்றொரு பக்கம் நட்சத்திரப் புடைவை உடுத்த ஒரு தேவி. வானசாஸ்திரத்துக்கு அதிதேவதையான யுரேனியா என்கிறவர்களும் உண்டு, நீதி தேவதையான அஸ்த்ரேயா என்கிறவர்களும் உண்டு. அவள் கையில் தராசு. ஒரு தட்டில் கோப்பர்நிக்கஸின் உலகம்: நடுவில் சூரியன், சுற்றிலும் பூமி முதலிய கிரகங்கள். மற்றொரு தட்டில் ரிச்சோலியின் உலகம்: பூமி நடுவில் அசையாமல் இருக்க, சந்திரனும் சூரியனும் வியாழனும் சனியும் அதைச் சுற்றுகின்றன, புதனும் சுக்கிரனும் செவ்வாயும் சூரியனைச் சுற்றுகின்றன. ரிச்சோலியின் தட்டு கனத்துக் கீழே தாழ்ந்திருக்கிறது. தேவிக்கும் ஆர்கஸுக்கும் கீழே, தரையில், பழைய காலத்துச் சாஸ்திரி டாலமி சாய்ந்து கிடக்கிறார். எல்லாமே பூமியைச் சுற்றுகிறது என்று அவர் வகுத்த ஏற்பாடு அவர் பக்கத்தில் தரையில் கிடக்கிறது. தராசில் ஏறும் யோக்கியதைகூட அதற்கு இல்லாமல் போய்விட்டது. மேலே குழந்தைத் தேவதைகள் ஆளுக்கொரு கிரகத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கின்றன. பிறைபோல் தேய்ந்த சுக்கிரன், உபகிரகங்களோடு வியாழன், காது முளைத்த சனி என்று தொலைநோக்கி காட்டிய அதிசயங்கள் எல்லாம் அங்கே. எல்லாவற்றுக்கும் மேலே மேகத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. கடவுளின் கை. அதன் விரல்களிலிருந்து எண், அளவு, எடை என்று பொருள்படும் மூன்று லத்தீன் வார்த்தைகள் கிளம்புகின்றன.

இந்தப் படத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ராபர்ட் டி நொபிலி என்ற பாதிரியாரைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. 1606-ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, சந்நியாசியாக வாழ்ந்தாரே, அவர்தான். 1623-ல் அவர் மதுரையை விட்டுக் கிளம்பி, திருச்சி வழியாகச் சேந்தமங்கலத்துக்கு வந்து, அங்கே ராமச்சந்திர நாயக்கரைப் பார்த்துவிட்டுச் சேலத்துக்குப் போனார். சேந்தமங்கலம் என் தாய்மாமன் ஊரான புதுச்சத்திரத்துக்குப் பக்கம். நொபிலி காலத்துப் புத்தகங்களைத் தேடியபோதுதான் ரிச்சோலி அகப்பட்டார். இருவரும் ஒரே சபை. நொபிலி 1656-ல் மயிலாப்பூரில் காலமாவதற்கு ஐந்து வருஷம் முன்னால் இந்தப் புத்தகம் வெளிவந்தது. அதே சபையைச் சேர்ந்த ஒருவர் இந்தச் சோளக்காட்டு வழியாக நடந்தார். இன்னொருவர் பொலோஞாவில் உட்கார்ந்து ஆகாயத்தை நிறுத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. சென்ற தை மாதம் நாமக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையில் படத்தைப் பெரிய தாளில் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

போகிற வழியில் நாமக்கல் மலையின் குடைவரைக்குள் நுழையாமல் எனக்கு வரத் தெரியாது. எட்டாம் நூற்றாண்டில் அதிய மன்னர் காலத்தில் குடைந்தது என்பார்கள். உள்ளே நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். திரிவிக்கிரமர் காலை வானத்துக்குத் தூக்குகிறார். அன்றைக்கு ஒரு பாட்டி பேத்தியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். "பாரு, சின்னப் பையனா வந்தவரு எம்மாம் பெரிசா ஆயிட்டாரு!" அவ்வளவுதான். சங்கு சக்கரம் எது, தாரை வார்ப்பது யார் என்று ஒன்றையும் அவள் விளக்கவில்லை. வேலைப் பார்த்தால் முருகன், காக்கையைப் பார்த்தால் சனி என்று நமக்குத் தெரிவதுபோல, அந்தக் காலத்து ஐரோப்பியருக்குத் தராசையும் மணற்கடிகாரத்தையும் மண்டையோட்டையும் பார்த்த மாத்திரத்தில் அர்த்தம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சேசரே ரீபா என்பவர் 1593-ல் 'ஐக்கனலோஜியா' என்று ஓர் அகராதியே போட்டார். உண்மைக்கு என்ன உடை, சோம்பலுக்கு என்ன மிருகம் என்று அகரவரிசையில் இருக்கும். 1603-ல் படங்களோடும் வந்தது. சித்திரக்காரர்கள் அதைச் சமையல் புத்தகம்போலப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

அந்தக் காலத்துக் கலைக்குப் 'பரோக்' என்று பெயர். கோணல்மாணலான முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஒரு விஷயத்தைச் சும்மா சொன்னால் போதாது, மேகம் கிழிந்து தேவதைகள் இறங்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்த காலம். நம் பழைய நாடகக் கொட்டகைத் திரைச்சீலைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் வேலை மட்டும் பரம நுணுக்கமான வேலை. செப்புத் தகட்டில் சிற்றுளியால் கோடு கோடாகக் கீறி, கீறலில் மையை நிரப்பி, தகட்டின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். தாளில் விழுவது தலைகீழ். அதாவது இடம் வலமாகும், வலம் இடமாகும். எழுத்தைக்கூடத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். தராசின் எந்தத் தட்டு தாழ்ந்து தெரிய வேண்டுமோ, அதைத் தகட்டில் எதிர்ப்பக்கம் தாழ்த்தி வெட்டவேண்டும். கூர்த்திக்குக் கை தவறவில்லை.

மாமா கயிற்றுக் கட்டிலில் படத்தை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவர். ஆறு ஏக்கர் காடு. பாதி குச்சிக்கிழங்கு, பாதி சோளமும் கடலையும்.

"இதாரு மாப்ளே, இந்திரனா?"

"இல்லைங்க மாமா, ஆர்கஸ். மாட்டுக்குக் காவல் இருந்தவன்" என்று கதையைச் சொன்னேன்.

"அட, நம்ம புதன்சந்தைக்கு ஒருத்தன் இப்பிடி இருந்தா ஒரு மாடு திருட்டுப் போகாதே! அது சரி, மூஞ்சியிலே ரெண்டு கண்ணு நல்லாத்தானே இருக்குது? முழங்காலுக் கண்ணுலே எதுக்குப் பாக்கறான்?"

இதற்குப் படித்தவர்கள் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. முழங்கால், மண்டியிடுகிற இடம். பக்தியோடு பார்க்கிற கண்தான் சரியாகப் பார்க்கும் என்று குறிப்பு. நான் இதைச் சொன்னதும் மாமா, "களை எடுக்கறவனுக்கும் அங்கதான் கண்ணு இருக்கோணும்" என்றார்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தேவியும் தராசும் கண்ணிலேயே படவில்லை. "பாவம், அந்தத் தாத்தன் ஏன் கீழே கெடக்கறாரு? உளுந்துட்டாரா?" என்றாள். பிறகு குனிந்து இன்னும் கொஞ்சம் பார்த்து, "கையை ஊனியிருக்கறதெப் பாத்தா எந்திரிக்கப் போறவராட்டமும் இருக்குது" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படத்தில் டாலமிக்குப் பக்கத்தில் ஒரு சிறு லத்தீன் வாசகம் இருக்கிறது: தான் திருத்தப்படும்போது தூக்கி நிறுத்தப்படுகிறேன் என்று அந்தக் கிழவர் சொல்லுவதாகப் பொருள். அவர் தோற்றவர்தான், ஆனாலும் தொலைந்தவர் அல்ல. அவர் புத்தகத்தின் பெயரைத்தானே ரிச்சோலியும் தன் புத்தகத்துக்கு இட்டிருக்கிறார்! ரீபாவின் அகராதியும் லத்தீனும் சொல்ல வேண்டியதை, ஊன்றிய கையைப் பார்த்தே அத்தை சொல்லிவிட்டாள். வயதானவர்கள் விழுவதையும் எழுவதையும் பார்த்துப் பழகிய கண் அது. என் அபிப்பிராயத்தில், படத்தைப் படிப்பதற்கு அகராதி வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் நல்ல சித்திரக்காரன் அகராதி இல்லாதவனையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டான்.

மாமா மேலேயிருந்த கையைப் பார்த்தார். எண், அளவு, எடை என்று சொன்னேன். "சந்தைக்கு வேண்டிய மூணும் இருக்குது" என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகுதான் தராசுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்தத் தட்டு ஆருது?"

"புத்தகம் எழுதினவருடையது."

"தாழ்ந்திருக்கறதும் அதுதானே?"

"ஆமாங்க."

"படம் போடச் சொன்னதும் அவருதானே?"

"ஆமாங்க மாமா."

மாமா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றினார். அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். இந்தச் சீமையில் குச்சிக்கிழங்கு பயிரிடும் எவரும் அதைத்தான் நினைப்பார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கடல் கடந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்தே ஜவ்வரிசி செய்யக் கற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து சேலத்திலும் நாமக்கல்லிலும் மழையை நம்பி வாழ்ந்த காடுகளுக்குக் கொஞ்சம் காசு தெரிந்தது. ஆனால் கிழங்குக்கு விலை வெறும் எடையால் தீர்வதில்லை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று ஆலையில் ஒரு கருவியில் வைத்துப் பார்த்து 'பாயிண்ட்' சொல்லுவார்கள். இத்தனை பாயிண்ட் என்றால் இத்தனை ரூபாய். பாயிண்ட் ஒன்று குறைந்தால் ஒரு வண்டிக் கிழங்கில் விவசாயிக்கு எவ்வளவு போகும் என்பதை மாமா மனக்கணக்காகச் சொல்லுவார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆலைக்கு அவர் லோடு கொண்டுபோனார். முந்தின வாரம் அதே காட்டுக் கிழங்குக்கு வேறிடத்தில் 27 பாயிண்ட் சொன்னார்கள். இங்கே 24. "கருவியை ஒருக்கா வெறுசாக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். அதாவது, ஒன்றும் வைக்காமல் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காட்டவில்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் வைத்தால் கெட்டுப்போகும். திருப்பி ஏற்றிக்கொண்டு போக லாரி வாடகை. சொன்ன பாயிண்டுக்கே கொட்டிவிட்டு வந்தார். அந்த வருஷம் என் மாமா மகளின் கல்யாணம் நின்று, ஒரு வருஷம் கழித்து நடந்தது.

"மாப்ளே, தராசுலே எதை வெச்சாங்கங்கறது ரெண்டாவது. வெறுந்தட்டுலே முள்ளு எங்க நிக்குதுன்னு இந்தம்மா காட்டினாளா?" என்றார். சற்று யோசித்துவிட்டு, "அவ எங்க நிக்கறா பாரு. தரையிலே. பூமி ஓடுதா நிக்குதாங்கறதுதானே வழக்கு? அந்தப் பூமியிலே காலை ஊனிக்கிட்டே நிறுத்தா, நிக்குதுன்னுதான் முள்ளு சொல்லும்" என்றார்.

வானசாஸ்திரம் எழுதியவர்கள் நூறு பக்கத்தில் சொல்லும் சிக்கல் இது. நாம் எதன்மேல் நின்று அளக்கிறோமோ அதையே அளப்பது எப்படி? ஆரியபட்டர் 499-லேயே, ஓடத்தில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவதாகத் தோன்றும் என்ற உவமையைச் சொல்லி, நட்சத்திரங்கள் ஓடுவதும் அப்படித்தான் என்றார். பின்னால் வந்த பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு வேடிக்கை: ரிச்சோலியின் தட்டில் இருப்பது, டைகோ பிராஹி 1588-ல் வெளியிட்ட ஏற்பாட்டைக் கொஞ்சம் மாற்றியது. ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் அவற்றோடு பூமியைச் சுற்றுகிறது என்பது டைகோவின் கட்சி. கிட்டத்தட்ட இதே அமைப்பை, 1500-ஐ ஒட்டித் 'தந்திர சங்கிரகம்' எழுதிய மலையாளத்துத் திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜியின் எழுத்துக்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். நம் பக்கத்தில் அதற்கு முகப்புப் படம் போட ஒரு கூர்த்தி இல்லை. ஓலைச்சுவடியில் அடங்கிக் கிடந்துவிட்டது.

மாமா கேட்ட கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. ஏனென்றால் நாவல் எழுதுகிறவனும் தராசு பிடிக்கிறவன்தான். கெட்டவனையும் நல்லவனையும் இரண்டு தட்டில் வைத்து, முந்நூறு பக்கம் நிறுக்கிற பாவனை காட்டி, கடைசி அத்தியாயத்தில் ஒரு தட்டைத் தாழ்த்துகிறோம். எந்தத் தட்டு தாழப்போகிறது என்பது முதல் பக்கத்திலேயே எங்களுக்குத் தெரியும். வாசகர்கள் "என்ன நியாயமான தீர்ப்பு!" என்று கடிதம் எழுதுகிறார்கள். வெறுந்தட்டைக் காட்டு என்று இதுவரை எனக்கு ஒருவரும் எழுதவில்லை.

ஆனாலும் ரிச்சோலிக்காக வாதாட எனக்குக் கடமை இருக்கிறது. படத்தை மட்டும் பார்த்து அவரை அந்த ஆலைக்காரரோடு சேர்ப்பது நியாயமாகாது. புத்தகத்துக்குள்ளே போனால், பூமி நகர்கிறது என்பதற்கு ஆதரவாக 49 வாதங்களையும் எதிராக 77 வாதங்களையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி ஆராய்கிறார். எதிர்க்கட்சியின் வாதத்தை இவ்வளவு பொறுமையாக எழுதி வைத்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. இந்தக் காலத்திலும் அதிகமில்லை. அவர் அளவை வெறும் பாவனையும் அல்ல. ஊசலைக் கொண்டு விநாடியைச் சரியாக அளக்க வேண்டும் என்று, ஒன்பது பாதிரிமார் முறைவைத்து ஒரு நாள் முழுவதும் கண்கொட்டாமல் ஊசலாட்டங்களை எண்ணினார்கள். ஏறத்தாழ 87,000 வந்தது. பொலோஞாவின் அசினெல்லி கோபுரத்தின் உச்சியிலிருந்து உருண்டைகளைப் போட்டு, விழும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். ஒன்பது பேர் ராத்திரி முழுதும் விழித்திருந்து எண்ணினார்களே, ஆர்கஸின் கண்கள் என்றால் அவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய வாதங்களில் சில அபார புத்திசாலித்தனமானவை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வது உண்மையானால், துருவத்துக்கு அருகில் உள்ள தரையைவிடத் தெற்கே உள்ள தரை வேகமாகக் கிழக்கே போக வேண்டும். ஆகவே வடக்கு நோக்கிச் சுட்ட பீரங்கிக் குண்டு, கிளம்பிய இடத்து வேகத்தோடு போய்க் குறிக்குச் சற்றுக் கிழக்கே விழ வேண்டும். அப்படி விழுவதை யாரும் காணவில்லையே என்று கேட்டார். கேள்வி முற்றிலும் சரி. குண்டு அப்படித்தான் விலகுகிறது. அந்தக் காலத்துப் பீரங்கியால் கண்டுபிடிக்க முடியாத அளவு கொஞ்சமாக விலகுகிறது. கொரியோலிஸ் 1835-ல் கணக்கிட்டுக் காட்டிய விளைவு அது. தராசு சரி, படிக்கல் சரி. முள்தான் அவ்வளவு நுட்பமாக இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கோப்பர்நிக்கஸின் புத்தகத்தை 1616-ல் திருச்சபை திருத்தம் வேண்டும் என்று நிறுத்தி வைத்தது. 1633-ல் கலீலியோவுக்குத் தண்டனை விதித்தது. பொலோஞா அப்போது போப்பாண்டவரின் ராஜ்யத்தைச் சேர்ந்தது. ரிச்சோலி வேறு தட்டைத் தாழ்த்தியிருந்தால் புத்தகம் அச்சேறியிருக்குமா? தேவி தராசைப் பிடித்திருந்தாள். அவள் கையை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். அந்தக் கை படத்தில் இல்லை.

முள் பிற்பாடு மெள்ள மெள்ள நகர்ந்தது. அதே அசினெல்லி கோபுரத்திலிருந்து 1791-ஐ ஒட்டிக் குலியெல்மினி என்ற பொலோஞாக்காரரே உருண்டைகளைப் போட்டு, அவை இம்மியளவு கிழக்கே தள்ளி விழுவதைக் காட்டினார். 1835-ல் வந்த தடைப் பட்டியலில் கோப்பர்நிக்கஸின் பெயர் இல்லை. 1838-ல் பெஸ்ஸல் ஒரு நட்சத்திரத்தின் இடமாற்றத்தை அளந்து, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்குச் சாட்சி சொன்னார். படம் அச்சாகிச் சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1851-ல், பாரிஸில் பூக்கோ ஒரு நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, பூமி காலடியில் திரும்புவதை ஊரார் எல்லோரும் பார்க்கும்படி செய்தார். தரையில் நின்றபடியே! மாமாவின் கேள்விக்கு அதுதான் பதில்.

இதையெல்லாம் நான் மாமாவிடம் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பிடித்த சங்கதி வேறு. ரிச்சோலி அதே புத்தகத்தில் சந்திரனுக்கு ஒரு படம் போட்டார். அவருடைய சகாவான கிரிமால்டி பாதிரியார் அதற்குத் துணை. சந்திரனில் தெரியும் கறுப்புப் பரப்புகளைக் கடல் என்றும், பள்ளங்களைச் சாஸ்திரிகளின் பெயராலும் அழைத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவைதான் வழங்குகின்றன. 1969-ல் மனிதன் முதன்முதலில் கால்வைத்த 'அமைதிக் கடல்' ரிச்சோலி வைத்த பெயர். அந்தப் படத்தில், தம் தராசில் தோற்ற கோப்பர்நிக்கஸுக்கு அவர் எந்த இடத்தைக் கொடுத்தார் தெரியுமா? 'புயல் சமுத்திரத்தில்', மிகவும் பிரகாசமான பெரும் பள்ளங்களில் ஒன்றை. புயலில் தள்ளிவிட்டேன் என்று வேடிக்கையாக ஒரு பேச்சு. ஆனால் சந்திரனைப் பார்க்கிற எவன் கண்ணிலும் படாமல் போகாத இடம். உள்ளூர எந்தத் தட்டு கனம் என்று அவருக்குச் சந்தேகம் இருந்ததோ என்னவோ; அப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. எதிராளியின் கெட்டிக்காரத்தனத்தை மதிக்கத் தெரிந்தவர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவே பெரிய காரியம்.

"தோத்தவனுக்கு நிலாவிலே காடு எழுதி வெச்சானா!" என்று மாமா கட்டிலை விட்டு எழுந்தே விட்டார்.

"நிலாக் காடு நமக்கும் சொந்தந்தாங்க மாமா" என்று நான், அவர் பத்திரிகையில் ஏற்கெனவே படித்திருந்ததை ஞாபகப்படுத்தினேன். சந்திரனில் இறங்கும் வண்டியைச் சோதிப்பதற்கு விஞ்ஞானிகளுக்குச் சந்திர மண்ணைப்போன்ற மண் வேண்டியிருந்தது. நம் நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் உள்ள அனார்த்தசைட் பாறை அதற்குப் பொருத்தமாக இருந்தது. அங்கிருந்து சுமார் 50 டன் போயிற்று. அந்த மண்ணில் உருண்டு பழகிய பிறகுதான் 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி சந்திரயான் அசல் மண்ணில் இறங்கியது.

"அது தெரியுமே. அந்தப் பள்ளம் எத்தனை ஏக்கரா இருக்கும்?"

குறுக்களவு ஏறக்குறைய 93 கிலோமீட்டர். தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட 17 லட்சம் ஏக்கர் வந்தது. நம் ஜில்லாவைப்போல் இரண்டு ஜில்லா.

"சமுத்திரத்திலே இருக்குதுன்னியே, தண்ணி?"

"பேர்தாங்க சமுத்திரம். சொட்டுத் தண்ணி கிடையாது. மழையும் இல்லை."

மாமா படத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

"அப்ப மானாவாரிகூட இல்லே. கெழங்கு வராது" என்றார்.